சொரியாசிஸுக்கு அலோபதியும் சீன மருந்தும்: சேர்த்து எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

சீனாவில் சொரியாசிஸ் உள்ளவர் மெத்தோட்ரெக்ஸேட் என்ற அலோபதி மாத்திரையையும் மூலிகைக் கஷாயத்தையும் ஒரே மருத்துவமனையில் வாங்கிக்கொண்டு போவது சாதாரணம். அங்கே சீன மருத்துவம் படித்த டாக்டரே அலோபதி மருந்தும் எழுதலாம். ரத்தப் பரிசோதனை முடிவும் அவர் கையில்தான் இருக்கும். அதனால் ‘இரண்டையும் சேர்க்கவே கூடாது’ என்று நான் சொல்லப் போவதில்லை. வம்பு வருவது, இரண்டும் வேறு வேறு கையிலிருந்து வரும்போது. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிய காட்சி: தோல் மருத்துவர் ஒரு பக்கம், சீன மருந்துக்கடை இன்னொரு பக்கம். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது.

சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சீனத் தோல் கஷாயங்களில் சேரும் ‘பை ஷியன் பீ’ என்ற வேர்ப்பட்டையும் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. பரிசோதனையில் கல்லீரல் என்சைம் ஏறியிருந்தால் டாக்டர் தனக்குத் தெரிந்த மருந்தைத்தானே நிறுத்துவார்? நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மாத்திரை போய்விடும். கஷாயம்தான் காரணம் என்றால் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சைக்ளோஸ்போரின் என்ற இன்னொரு அலோபதி மருந்தை எடுப்பவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். அந்த மருந்தே ரத்த அழுத்தத்தை ஏற்றும்; சீனக் கஷாயங்களில் ஏராளமாகச் சேரும் ‘கான்சாவ்’, அதாவது நம் அதிமதுரம், அதையும் தொடர்ந்து குடித்தால் அழுத்தம் ஏறும்.

கஷாயம் தினமும் இரண்டு வேளை. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். இந்தக் கணக்கு குழம்பி, மாத்திரையையும் தினமும் போட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்; செத்தவர்களும் உண்டு. முதலில் வாயில் புண் வரும், அப்புறம் ரத்த அணுக்கள் குறைந்துபோகும். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். வயதானவர் வீட்டில் இருந்தால் மருந்தை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பது நல்லது.

‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்பவர்கள் சிங் தாய் கதையைக் கேட்க வேண்டும். அவுரி போன்ற நீலச் சாயச் செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் கருநீலப் பொடி அது. தைவானில் இதைக் களிம்பாக்கி, ஒரே ஆளின் உடம்பில் ஒரு பக்கம் மருந்தும் மறுபக்கம் வெறும் களிம்பும் தடவிப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. மருந்து தடவிய பக்கம் தெளிவாகத் தேறியது. சட்டை, படுக்கைவிரிப்பு எல்லாம் நீலமாகும் என்பதுதான் தொந்தரவு. பிறகு எண்ணெயில் சாறெடுத்து அதையும் குறைத்தார்கள். சரி, பூசினால் நல்லது என்றால் குடித்தால் இன்னும் நல்லதா? ஜப்பானில் பெருங்குடல் அழற்சிக்காக இதை உள்ளுக்குச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியது. 2016-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

‘லெய் கொங் தெங்’ என்ற கொடியும் அப்படித்தான். சீனாவில் சொரியாசிஸுக்கு மாத்திரையாகவே கொடுக்கிறார்கள், வேலையும் செய்யும். ஆனால் ஆணுக்கு விந்தணு குறையலாம், பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், கல்லீரலும் சிறுநீரகமும் கெடலாம். குழந்தை வேண்டும் என்பவர் தொடவே கூடாது. அலோபதியில் அசிட்ரெடின் இதைவிடக் கறார்: மாத்திரையை நிறுத்திய பிறகும் 3 வருடம் கருத்தரிக்கக் கூடாது.

இரண்டே நாளில் மாயமாக மறையச் செய்யும் ‘மூலிகை’ களிம்பைக் கண்டால் சந்தேகப்படுங்கள். லண்டனில் 1999-இல் தோல் நோய்களுக்கான 11 சீன மூலிகைக் களிம்புகளைப் பரிசோதித்தபோது, 8-இல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. சொரியாசிஸில் வீரியமான ஸ்டீராய்டை நாள்கணக்கில் தடவிவிட்டு, குறிப்பாக மாத்திரையாகச் சாப்பிட்டுவிட்டு, சட்டென்று நிறுத்தினால் நோய் பல மடங்காகத் திரும்பலாம். உடம்பு முழுக்கச் சிவந்தோ சீழ்க்கொப்புளமாகவோ வெடித்தால் மருத்துவமனையில் சேர வேண்டிவரும்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் தந்த கஷாயத்தை வாங்கிக் குடிப்பது சீன மருத்துவக் கணக்கிலேயே தவறு. சீன மருத்துவர்களுக்குச் செக்கச்செவேல் என்று புதிதாகப் பரவும் சொரியாசிஸ் ‘ரத்தச் சூடு’. வெளிறி உலர்ந்தது ‘ரத்த வறட்சி’. கருத்துத் தடித்தது ‘ரத்தத் தேக்கம்’. மூன்றுக்கும் சரக்கு வேறு. ஒரே ஆளுக்கே சில மாதத்தில் மருந்துச் சீட்டு மாறும்.

ஒளிச்சிகிச்சைக்குப் போகிறவர்கள் ‘பு கு சி’ கஷாயத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் கார்போகரிசிதான் அது. அதிலுள்ள சோராலென் தோலை ஒளிக்குக் கூசவைக்கும். மருத்துவர்களே அதை அளந்து கொடுத்து யுவிஏ என்ற புற ஊதா ஒளி காட்டுவதும் உண்டு, அதைப் ‘புவா’ என்பார்கள். அளவு தெரியாமல் குடித்துவிட்டு விளக்குக்கு முன்போ வெயிலிலோ நின்றால் கொப்புளம்தான்.

கப்பிங் (தோலில் கிண்ணம் கவிழ்த்து உறிஞ்ச வைப்பது), அக்குபங்சர் ஊசி இரண்டையும் நோய் பரவிக்கொண்டிருக்கும்போது தள்ளிப்போடுங்கள். சொரியாசிஸ் காயம் பட்ட இடத்தில் புதிதாக முளைக்கும் குணம் கொண்டது. கோப்னர் விளைவு என்பார்கள். கிண்ணம் வைத்த இடத்தில் ஓரிரு வாரத்தில் வட்டமாகச் செதில் கிளம்புவது அதனால்தான்.

இரண்டு மருந்தையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பலருக்குக் குளிர்காலத்தில் கூடி வெயில் காலத்தில் தானே தணியும் நோய் இது. பிப்ரவரியில் ஆரம்பித்த எந்தக் கஷாயத்துக்கும் மே மாதம் நல்ல பேர் கிடைக்கும். ஒன்றைத் தொடங்கி 12 வாரம் போகட்டும். அதே முழங்கையை அதே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

காலையில் எழுந்ததும் விரல்கள் அரைமணி நேரத்துக்கு மேல் மடங்கவில்லை, ஒரு விரல் முழுக்க வீங்கியிருக்கிறது, குதிகால் வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சொரியாசிஸ் மூட்டுவாதம் அரித்த எலும்பு பழையபடி வளராது. செகுகினுமாப், அடலிமுமாப் போன்ற அலோபதி ஊசி மருந்துகளுக்கு இங்கேதான் முக்கிய வேலை. போடும் முன் காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனை கேட்பார்கள். அன்றைக்குக் கஷாயப் பொட்டலத்தின் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள்.