ஏர் ரைஃபிளில் முன் சைட் சாய்ந்திருந்தால்: நேராக்கும் முறை

குறி வைத்தது நடுவில், ஓட்டை விழுந்தது வலப்பக்கம் தள்ளி. ஐந்து பெல்லட் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) போட்டாலும் ஐந்தும் அதே இடத்தைச் சுற்றியே விழுகின்றன. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் புதிதாக ஏர் ரைஃபிள் வாங்கிப் பழகுகிறவர்கள் இதைப் பார்த்ததும் பின் சைட்டின், அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிபார்க்கும் பாகத்தின், திருகை ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே போவார்கள். அது ஓரத்தில் முட்டி நின்ற பிறகும் குண்டு நடுவுக்கு வரவில்லை என்றால், பார்க்க வேண்டியது குழல் முனையில் நிற்கும் முன் சைட்டை. அதை நேராக்குவது வீட்டிலேயே ஆகக்கூடிய வேலைதான். ஆனால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். முன் சைட்டில் அரை மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை.

இங்கே சொல்வதெல்லாம் பேரலை (குழலை) மடக்கி பெல்லட் போடும் 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு மட்டும். லைசென்ஸ் துப்பாக்கி என்றால் உரிமம் பெற்ற கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும் என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் யாராவது நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, “இதையும் கொஞ்சம் பார்த்துக் கொடு தம்பி” என்று கேட்டால் தொடவே தொடாதீர்கள். அதேபோல, மாங்காய் சீசனில் தோப்புக்கு வரும் கிளியையும் மயிலையும் விரட்ட ஏர்கன் தீர்வு இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நாம் சுடுவது அட்டையை மட்டும்.

முதலில் பாதுகாப்பு

பெல்லட் உள்ளே இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை, இரண்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பேரலை மடக்கிய நிலையில் ட்ரிகர் பக்கம் விரலே போகக்கூடாது. தவறி அழுத்திவிட்டால் பேரல் பட்டென்று மேலே எகிறும், விரல் நசுங்கும். பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதும் வேண்டாம், உள்ளே பிஸ்டன் அடிபடும்.

நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் எங்கே திரும்பினாலும் கருங்கல். வேலிக்குக்கூட கல்லுக்கால்தான் நட்டிருப்போம். பாறையின் முன்னாலோ கல்லுக்கால் வேலியின் முன்னாலோ அட்டையை வைக்காதீர்கள். கல்லில் பட்ட பெல்லட் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லவே முடியாது, சுட்டவர் முகத்துக்கே திரும்பியும் வரும். அட்டைக்குப் பின்னால் கல் பொறுக்கிய மண்மேடு அல்லது மணல் மூட்டை இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுங்கள்.

சைட்தான் காரணமா?

மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளை முதலில் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிள் சுடும்போது பின்னுக்கும் முன்னுக்கும் இரண்டு தடவை உதைக்கும், அதில் திருகு தானாகவே தளரும். பேரல் மடங்கும் இடத்தில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்றும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சைட்டை என்ன செய்தாலும் பயனில்லை, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

அப்புறம் பின் சைட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எத்தனை க்ளிக் என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்தால் நடு. சரியாகப் பத்து மீட்டர் டேப் பிடித்து அளந்து, மணல் பையின் மேல் கையை வைத்து, அந்தக் கையின் மேல் ரைஃபிளைத் தாங்கி ஐந்து பெல்லட் சுடுங்கள். ஐந்தும் நாலாபக்கமும் சிதறினால் அது சைட் கோளாறு இல்லை. ஓரிடத்தில் கூடி விழுந்தால் அந்தக் குரூப்பிங்கின் நடுப்புள்ளி அட்டையின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஸ்கேலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி அட்டை கையில் இருந்தால் அதில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ., அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே 2.5 மி.மீ. என்பதால் கண்ணாலேயே கணக்கிடலாம்.

எவ்வளவு, எந்தப் பக்கம்

முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளங்கள். 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குண்டு 30 மி.மீ. வலப்பக்கம் போகிறது. 30-ஐ 450-ஆல் பெருக்கி, 10,000-ஆல் வகுங்கள் (பத்து மீட்டர் என்பது 10,000 மி.மீ.). 1.35 மி.மீ. வரும். முன் சைட் நகர வேண்டியது அவ்வளவுதான்.

எந்தப் பக்கம் என்பதில்தான் பலரும் குழம்புவார்கள். பின் சைட்டை, குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்துவோம். முன் சைட்டுக்கு அது தலைகீழ். குண்டு எந்தப் பக்கம் தப்பிப் போகிறதோ அதே பக்கம் முன் சைட்டைத் தள்ள வேண்டும். முன் சைட்டை வலப்பக்கம் தள்ளினால், அதை மறுபடி குறியின் நடுவில் வைக்க நீங்கள் பேரலை இடப்பக்கம் திருப்பியாக வேண்டும், குண்டும் இடப்பக்கம் வரும். இதை ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தூக்குக்குண்டு வைத்துப் பார்ப்பது

பல ஏர் ரைஃபிள்களில் முன் சைட் ஒரு வளையம் மாதிரி பேரல் முனையில் மாட்டி, சின்ன கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) ஒன்றால் இறுக்கப்பட்டிருக்கும். அந்தத் திருகு தளர்ந்தால் சைட் சுற்றிச் சாய்ந்துவிடும். பேரலின் மையத்திலிருந்து சைட் முனை 15 மி.மீ. உயரம் என்றால், ஐந்து டிகிரி சாய்ந்தாலே முனை 1.3 மி.மீ. பக்கவாட்டில் போய்விடும். பத்து மீட்டரில் அது கிட்டத்தட்ட 29 மி.மீ. தப்பு. வெறும் கண்ணுக்கு அந்தச் சாய்வு எளிதில் தெரியாது.

கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை உத்திரத்திலோ கிளையிலோ கட்டித் தொங்கவிடுங்கள். கிளை என்றால் காற்று அடங்கிய நேரமாகப் பாருங்கள். பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றி ரைஃபிளை வைஸில் மெதுவாகப் பிடித்து, ஸ்கோப் மாட்டும் காடியின் மேல் சின்ன ரசமட்டத்தைக் குறுக்காக வைத்துக் குமிழியை நடுவில் நிறுத்துங்கள். இப்போது பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். முன் சைட்டின் ஓரம் தொங்கும் நூலோடு ஒட்டி நின்றால் நேர். அடியில் ஒட்டி, மேலே போகப் போக இடைவெளி விரிந்தால் சாய்வு.

சாய்ந்திருந்தால் பொருத்தமான ஆலன் கீயால் கிரப் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, வளையத்தைக் கையாலேயே திருப்பி நூலோடு சேர்த்து, மறுபடி இறுக்குங்கள். அசையவில்லை என்றால் துரு பிடித்திருக்கும். ஒரு சொட்டு துரு நீக்கும் எண்ணெய் போதும். அதற்கு முன் பேரல் வாயில் பஞ்சை அடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இறங்கி காற்று அறைக்குப் போனால் சுடும்போது அது பற்றி வெடிக்கும், குண்டின் வேகமும் தாறுமாறாகும். வேலை முடிந்ததும் பஞ்சை எடுக்க மறக்கக்கூடாது, நினைவுக்கு ட்ரிகரில் ஒரு சிவப்புத் துணி கட்டிவையுங்கள்.

காடியில் உட்காரும் சைட்

இன்னொரு வகை, பேரலின் மேல் குறுக்காக வெட்டிய டவ்டெயில் காடியில் (அடி அகன்று வாய் குறுகிய காடி) இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். இதைத் தட்டித்தான் நகர்த்த வேண்டும். இரும்பு ஆணியையோ ஸ்க்ரூ டிரைவரையோ வைத்துத் தட்டினால் சைட்டின் விளிம்பு நசுங்கிப்போகும். பித்தளை பஞ்ச் (வைத்துத் தட்டும் கம்பி) வேண்டும். ஓசூரில் எந்த லேத் பட்டறையிலும் பித்தளைக் கம்பி வாங்கி நுனியைத் தட்டையாகக் கடைந்து தரச் சொல்லலாம்.

தட்டும் முன் சைட்டிலும் பேரலிலும் சேர்த்து ஒரே நேராகப் பென்சில் கோடு ஒன்று போடுங்கள். பித்தளை பஞ்ச்சின் நுனியை சைட்டின் அடிப்பகுதியில் வையுங்கள், நிற்கும் கம்பியில் வைத்தால் வளைந்துவிடும். சின்னச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, வெர்னியர் அளவுகோலால் அளவு, மறுபடி ஒரு தட்டு. கணக்கு 1.35 என்றாலும் ஒரு மில்லிமீட்டரில் நிறுத்திச் சுட்டுப் பாருங்கள். மிச்சத்தைப் பின் சைட் பார்த்துக்கொள்ளும்.

மேலே கீழே தப்பினால்

பெரும்பாலும் பின் சைட்டின் ஏற்ற இறக்கமே போதும். பின் சைட்டை முழுக்க ஏற்றியும் குண்டு கீழேயே விழுந்தால் முன் சைட் உயரம் அதிகம், அரத்தால் மேலிருந்து தேய்க்க வேண்டும். அதே 450 மி.மீ. கணக்கில் 10 மி.மீ. தாழ்வுக்கு 0.45 மி.மீ. தேய்த்தால் சரி. தேய்த்த உலோகம் திரும்பி வராது. அதனால் பாதிக் கணக்கில் நிறுத்தி, சுட்டுப் பார்த்துவிட்டு மிச்சம் தேய்க்கலாம். தேய்த்த இடம் வெயிலில் பளபளக்கும், கண் அந்தப் பளபளப்பையே பார்க்கும். விளக்குச் சுடருக்கு மேல் ஒரு கணம் காட்டினால் கரி படிந்து கறுத்துவிடும்.

இறுக்கி முடிப்பது

சுட்டுப் பார்த்துத் திருப்தியான பிறகு கிரப் ஸ்க்ரூவைக் கழற்றி, நீலநிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். சிவப்பு நிறம் வாங்காதீர்கள், அடுத்த முறை சூடு காட்டாமல் கழற்ற முடியாது. ஒரு நாள் காயவிட்டு மறுபடி ஐந்து பெல்லட். கடைசியாக, சைட்டுக்கும் பேரலுக்கும் குறுக்கே ஊசி முனையால் வெள்ளைப் பெயிண்ட் கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். எப்போதாவது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் சைட் மறுபடி நகர்ந்திருக்கிறது, தூக்குக்குண்டை எடுக்க வேண்டியதுதான்.