ஒற்றை எலக்ட்ரானின் டனலிங் நேரத்தை ஸ்பின் வழியாக அளக்கும் முறை

தாண்டப் போதிய ஆற்றல் இல்லாத தடுப்பைத் துகள் ஊடுருவிக் கடப்பதே டனலிங். "டனலிங் நேரம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு நேரங்கள் புழங்குகின்றன. தடுப்புக்குள் துகள் செலவிடும் நேரம் ஒன்று. டொராண்டோவில் குளிரூட்டிய ரூபிடியம் அணுக்களின் ஸ்பின் (துகளின் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு) எவ்வளவு திரும்பியது என்று பார்த்து 2020இல் 0.61 மில்லிவினாடி என அளந்தது அதைத்தான். குவாண்டம் டாட்டில், அதாவது எலக்ட்ரானைச் சிறைவைக்கும் மிகச் சிறு குறைக்கடத்திப் பகுதியில், அடைபட்ட எலக்ட்ரான் வெளியேறும் முன் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் இன்னொன்று. இங்கே அளக்கப்போவது இந்த இரண்டாவது. இதுவும் மில்லிவினாடி அளவில்தான் வரும் என்பதால் இரண்டையும் ஒப்பிடத் தோன்றும், ஒப்பிடக் கூடாது.

தேவையானவை: ஒரே ஒரு எலக்ட்ரான் உள்ள சிலிக்கான் டாட், அதை ஒட்டி மின்னூட்ட உணரியாக ஒரு ஒற்றை எலக்ட்ரான் டிரான்சிஸ்டர், டைல்யூஷன் ஃபிரிட்ஜ் (மில்லிகெல்வின் வரை குளிர்விக்கும் கருவி), 1.5 டெஸ்லா காந்தம். அந்தப் புலத்தில் சிலிக்கானில் இரு ஸ்பின் நிலைகளும் சுமார் 174 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் விலகி நிற்கும். ஃபிரிட்ஜ் 20 மில்லிகெல்வின் காட்டினாலும் எலக்ட்ரான்கள் 200இல் இருக்கலாம். அப்போது வெப்ப ஆற்றல் 17 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். பத்து மடங்கு இடைவெளி போதும். எலக்ட்ரான் வெப்பநிலையை ஃபிரிட்ஜ் திரையில் பார்த்து எழுதாதீர்கள். பிளஞ்சர் கேட்டின் (டாட்டின் ஆற்றல் மட்டத்தை ஏற்றி இறக்கும் மின்முனை) மின்னழுத்தத்தை மெதுவாக மாற்றி, டாட் நிரம்பும் படியின் அகலத்திலிருந்து கணக்கிடுங்கள்.

உணரியைக் கூலும் முகட்டின் (கேட் மின்னழுத்தத்தை மாற்றும்போது உணரியின் மின்னோட்டத்தில் எழும் முகடு) செங்குத்தான சரிவில் நிறுத்துங்கள். அறை வெப்பநிலைப் பெருக்கியும் நீண்ட கேபிளும் இருந்தால் பேண்ட்விட்த் சில பத்து கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் சமிக்ஞை எழ 35 மைக்ரோவினாடி ஆகும். அதனால் தடுப்பு கேட்டின் (தடுப்பின் உயரத்தை மாற்றும் மின்முனை) மின்னழுத்தத்தை மாற்றி டனலிங் நேரத்தை 1 மில்லிவினாடிக்குக் கொண்டுவாருங்கள். தடுப்பு கேட்டைத் தொட்டால் டாட்டின் ஆற்றல் மட்டமும் நகரும். ஒவ்வொரு முறையும் பிளஞ்சரால் ஈடுசெய்யுங்கள்.

முதல் சோதனையைக் காந்தப்புலம் இல்லாமல் செய்யுங்கள். டாட்டின் மட்டத்தை ஃபெர்மி மட்டத்தோடு (டாட்டை ஒட்டிய தேக்கத்தில் எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல்வரை நிரம்பியிருக்கின்றனவோ அந்த மட்டம்) சேர்த்தால் உணரியின் மின்னோட்டம் இரண்டு மதிப்புகளுக்கிடையே தாவிக்கொண்டிருக்கும். மட்டம் சரியாகப் பொருந்தியிருக்கும்போது உள்ளே இருக்கும் நேரம், காலியாக இருக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு வர வேண்டும். நுழையும் எலக்ட்ரானுக்கு இரண்டு ஸ்பின் வாய்ப்புகள், வெளியேற ஒரே வழி என்பதே காரணம். இரு நேரங்களும் சமமாக வரும் இடத்தைப் பொருத்தப் புள்ளி என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

1,000 தாவல்கள் சேர்த்தால் சராசரியில் 3 சதவீதப் பிழை, 10,000 சேர்த்தால் 1 சதவீதம். ஆனால் உணரி கவனிக்காமல் விட்ட குறுகிய தாவல்களை எண்ணிக்கை சரிசெய்யாது. நுழையும் வீதமும் வெளியேறும் வீதமும் உணரியின் வீதத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்தாலே, அளந்த நேரம் உண்மையைவிட 20 சதவீதம் நீண்டுவிடும். திருத்தம் போடாமல் முடிவை எழுதாதீர்கள்.

இனி ஸ்பின். புலத்தை ஏற்றி, பிளஞ்சருக்கு மூன்று படித் துடிப்பு கொடுங்கள்: டாட்டைக் காலி செய், எலக்ட்ரானை ஏற்று, ஸ்பினைப் படி. படிக்கும் கட்டத்தில் ஃபெர்மி மட்டம் இரு ஸ்பின் நிலைகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். மேல் ஸ்பின் வெளியேறும், அந்த இடத்துக்குக் கீழ் ஸ்பின் வரும். திரையில் ஒரு சிறு மேடு தெரியும். படிக்கும் கட்டம் தொடங்கியதிலிருந்து மேடு எழும்வரை ஆன நேரங்களைத் தொகுத்தால் மேல் ஸ்பின் வெளியேறும் நேரம் கிடைக்கும். மேட்டின் அகலம் கீழ் ஸ்பின் நுழையும் நேரத்தைத் தரும்.

துடிப்பு மாறிய கணத்தில் உணரியும் துள்ளும். முதல் 100 மைக்ரோவினாடியை வெட்டிவிடுங்கள். பரவல் அடுக்குக்குறி வடிவம் என்பதால் வெட்டினாலும் சரிவு மாறாது.

அளந்த வீதத்தில் ஸ்பின் தானே கீழே விழும் வீதமும் கலந்திருக்கும். சிலிக்கானில் இந்தப் புலத்தில் அது வழக்கமாக மிகச் சிறியது. காலியம் ஆர்சனைடில் அப்படி இல்லை: நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 2004இல் 10 டெஸ்லாவில் ஸ்பின் ஆயுள் 0.55 மில்லிவினாடிதான். அங்கே உண்மையான டனலிங் நேரம் 0.1 மில்லிவினாடி என்றால், ஸ்பின் விழும் வீதத்தைக் கழிக்காவிட்டால் 0.085 என்று வரும்.

கீழ் ஸ்பின் மட்டும் ஏறும்படி ஏற்றும் மட்டத்தை வைத்து இதே அளவீட்டை மறுபடி எடுங்கள். அப்போதும் மேடுகள் தெரிந்தால் அவை போலி. படிக்கும் மட்டம் நகர்ந்திருக்கலாம், அல்லது உணரியின் பயாஸ் (அதன் குறுக்கே கொடுக்கும் மின்னழுத்தம்) அதிகமாகி எலக்ட்ரானை உதைத்து வெளியே தள்ளலாம். பயாஸைப் பாதியாக்கிப் பாருங்கள். வீதம் மாறினால் இரண்டாவதுதான். தொகுப்பில் 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை அலை தெரிந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நுழைந்திருக்கிறது: தரை இணைப்பில் எங்கே வளையம் உருவாகியிருக்கிறது என்று தேடுங்கள்.