சாடி மாற்றிய கெண்டிச் செடியைக் காப்பாற்றப் போய் நாம் செய்யும் தவறுகள்

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டு யன்னலோரத்தில் சில வருடங்களாகக் கெண்டிச் செடி, அதாவது இலை நுனியில் தொங்கும் கெண்டியால் பூச்சி பிடிக்கும் செடி, வளர்த்து வருகிறேன். தெரிந்தவர்கள் படம் எடுத்து அனுப்பிக் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "புதுச் சாடியில வச்சுப் பத்து நாள்தான் ஆகுது, கெண்டியெல்லாம் காயுது. செத்துப் போச்சா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கெண்டிகள் பழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் குருத்து பச்சையாக, விறைப்பாக நிற்கும். அந்தச் செடி சாகவில்லை. பதற்றத்தில் அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் நாம் செய்யப் போகிற வேலைகள்தான் அதைச் சாகடிக்கும்.

கெண்டி ஏன் முதலில் காய்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். நாம் இலை என்று நினைக்கும் அகன்ற பச்சைப் பகுதி, இலையின் அடிப்பாகம் விரிந்து வந்தது. உண்மையான இலைப்பரப்பு நுனியில் கெண்டியாக உருமாறியிருக்கிறது என்று தாவரவியல் சொல்கிறது. ஒளித்தொகுப்பில் பெரும்பங்கு அந்தப் பச்சைப் பகுதியுடையது. கெண்டியின் வேலை பூச்சியைப் பிடித்துக் கரைத்து நைதரசன் போன்ற சத்துகளை எடுத்துக் கொடுப்பது. வேர் அசைந்து நீர் உறிஞ்சுவது குறையும்போது, செலவு அதிகமான கெண்டியைச் செடி முதலில் கைவிடும். மூடியின் ஓரத்தில் தொடங்கும் பழுப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். வீட்டுக்குள் கொண்டுவந்த செடியில் இது அநேகமாக நடந்தே தீரும்.

அதனால் காய்ந்த கெண்டியை மட்டும் கத்தரியுங்கள். பாதி காய்ந்து பாதி பச்சையாக இருந்தால் பச்சை முடியும் இடத்தோடு நறுக்கினால் போதும். கெண்டி போய்விட்டதே என்று இலையையும் சேர்த்து வெட்டி எறிபவர்கள் பலர். கெண்டி இழந்த இலை மாதக்கணக்கில் உழைக்கும். புது வேர் விடுவதற்கான சக்தி அதிலிருந்துதான் வர வேண்டும்.

இதைவிட மோசமான தவறு, "கலவை பிழை போல" என்று ஒரு வாரத்துக்குள் மறுபடியும் பிடுங்கிப் பார்ப்பது. கெண்டிச் செடியின் வேர் மெல்லியது, எளிதில் முறியும், அதிகமும் இல்லை. இன்னொன்று, அதன் வேர் இயல்பிலேயே கறுப்பு. இதை அறியாமல், சாடியைக் கவிழ்த்துக் கறுத்த வேரைக் கண்டதும் அழுகல் என்று நினைத்து முழுவதையும் வெட்டிவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல வேர் கறுப்பாக இருந்தாலும் கம்பிபோல உறுதியாக இருக்கும், நுனி வெளிறியிருக்கும். அழுகிய வேரை விரல்களால் மெல்ல இழுத்தால் தோல் வழுக்கிக் கழன்று வரும், நாற்றமும் இருக்கும். ஆனால் இந்தச் சோதனையைச் சாடி மாற்றும் அன்றே செய்துவிட வேண்டும். அன்றைக்கும் பழைய கலவையை ஒரு துகள் விடாமல் கழுவ வேண்டியதில்லை. வேரைச் சுற்றிய பந்து கலையாமல் அப்படியே தூக்கி, ஒரு விரற்கடை பெரிய சாடியில் இறக்கி, சுற்றிலும் புதுக் கலவையைத் தளர்வாக நிரப்புங்கள். அழுத்த வேண்டாம். பிறகு குறைந்தது மூன்று மாதங்களுக்கு அந்தச் சாடியைத் திறந்து பார்க்காதீர்கள்.

கலவை என்றதும் என் முதல் செடியைச் சொல்லத்தான் வேண்டும். வாங்கிய இடத்தில், "சாதாரணப் பூச்சாடி மண்ணில வையுங்கோ, கொஞ்சம் கூட்டெரு போடுங்கோ, நல்லா வரும்" என்றார்கள். அப்படியே செய்தேன். இரண்டு வாரத்தில் இலை நுனிகள் கருகின. ஒரு மாதத்தில் குருத்து கறுத்து மெதுமெதுவென்று ஆனது. பல வருடம் ரோஜாவும் கறிவேப்பிலையும் வளர்த்த கைக்கு, நல்ல மண்ணே ஒரு செடிக்கு நஞ்சாகும் என்று நம்பவே கடினமாக இருந்தது. கெண்டிச் செடி சத்தில்லாத மண்ணுக்குப் பழகியது. பூச்சி பிடிக்கக் கற்றதே அதனால்தான். கூட்டெரு, சாணி, கடையில் விற்கும் பசளை உருண்டை எல்லாம் அதன் வேரை எரித்துவிடும். சாதாரண மண்ணோ இறுகிப்போய்க் காற்றை அடைத்துவிடும்.

நான் இப்போது பயன்படுத்துவது நீண்ட நாருள்ள ஸ்பேக்னம் பாசி ஒரு பங்கு, பேர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகள் ஒரு பங்கு, ஓர்க்கிட்டுக்கு வைக்கும் பொச்சுமட்டைத் துண்டு ஒரு பங்கு. பாசி விலை அதிகம் என்றால் அதைக் குறைத்து மட்டைத் துண்டைக் கூட்டலாம். ஆனால் பொச்சு மட்டையில் உப்பு இருக்கும். ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இன்னும் மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்றிய பிறகுதான் கலவையில் சேர்க்க வேண்டும். முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். மெல்லிய தும்புத்தூளை மட்டும் நிரப்பினால் ஈரம் தேங்கி வேர் மூச்சுத் திணறும், அதைத் தவிர்ப்பதே நல்லது.

தண்ணீர் விஷயத்தில் கொழும்புக்காரர் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். நம் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் போலச் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வந்த தண்ணீர் இல்லை. அங்கே கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை நினைத்துப் பாருங்கள், அதுவே சாடிக்குள்ளும் படியும். அதனால் அவசரத்துக்குக் கொழும்புக் குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்து ஊற்றலாம், குளோரின் ஓரளவு போய்விடும். ஆனாலும் மழைத் தண்ணீருக்கு அது ஈடாகாது. மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்றும் ஒக்டோபர், நவம்பர் மாலை மழையும் நமக்குத் தாராளமாகத் தருகின்றன. வாளியைத் திறந்த வானத்துக்குக் கீழே வையுங்கள். கொங்கிரீட் தட்டில் ஓடிப் பீலி வழியாக விழும் தண்ணீரில் சுண்ணாம்பும் தூசியும் கலந்திருக்கும். பிடித்ததை மூடி போட்ட போத்தல்களில் சேமித்தால் ஜனவரி, பெப்ரவரி வரட்சிக்கு உதவும். கொதித்தாறிய தண்ணீர் ஊற்றினால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். கொதிப்பதில் கிருமி சாகும், கரைந்த உப்பு முழுவதும் போகாது. மினரல் வோட்டர் போத்தலும் அதே காரணத்தால் வேண்டாம்.

எவ்வளவு ஊற்றுவது? கலவையின் மேற்பரப்பு ஈரம் குறைந்து, ஆனால் உள்ளே ஈரமாக இருக்கும்போது, அடித்துளையால் வழியும்வரை ஊற்றுங்கள். அப்புறம் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வீனஸ் பூச்சிப்பொறிச் செடியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வளர்ப்பது வழக்கம். அதைப் பார்த்துவிட்டுக் கெண்டிச் செடியையும் நிறுத்துகிறார்கள். புதிதாக நட்ட, காயம்பட்ட வேருக்குத் தேங்கிய தண்ணீர் எமன். இலை தொய்ந்திருக்கிறதே என்று இன்னும் இன்னும் ஊற்றுவது இதில் அடுத்த படி. கலவை ஈரமாக இருந்தும் இலை தொய்ந்தால், வேரால் உறிஞ்ச முடியவில்லை என்று பொருள். அப்போது அதற்குத் தேவை காற்றில் ஈரப்பதன். இன்னொரு விஷயமும் இருக்கிறது: கொழும்பில் தட்டுத் தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதற்கு முன்பே, நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே, தட்டை உலர்த்தி வைக்க வேண்டும்.

ஈரப்பதன் கொழும்பில் வெளியே தாராளம். வீட்டுக்குள் அதைக் கெடுப்பது ஏசி. இரவு முழுக்க ஏசி ஓடும் படுக்கையறையில் வைத்த செடியில், இலை நுனியிலிருந்து நீளும் கொடியில் கெண்டியாக வேண்டிய மொட்டு கடுகு அளவில் காய்ந்து நின்றுவிடும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள். காற்று அசைய வேண்டும், அடிக்கக் கூடாது. சாடி மாற்றிய முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் ஒரு பெரிய தெளிவான பொலித்தீன் பையை நாலு குச்சியில் கூடாரம்போலக் கவிழ்த்து வைத்தால் செடி கெதியாகத் தேறும். இதிலும் இரண்டு தவறுகள் நடக்கும். பையை வெயில் படும் இடத்தில் வைத்துவிடுவார்கள், ஒரு மணி நேரத்தில் செடி அவிந்துவிடும். அல்லது ஒரு நாள் திடீரென்று பையை எடுத்துவிடுவார்கள், அதுவரை ஈரக் காற்றில் இருந்த இலை ஒரே மாலையில் சுருண்டுவிடும். மூன்றாம் வாரத்தில் பையில் ஒரு துளை, சில நாள் கழித்து இன்னும் இரண்டு, பிறகு பகலில் மட்டும் திறப்பது என்று பழக்குங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிய தவறு கொஞ்சம் ஆழமானது. மழைக்காட்டுச் செடி என்றதும் நிழல் என்று நினைத்து வரவேற்பறை மூலையில் வைத்துவிடுகிறோம். இலங்கைக்கே உரிய கெண்டிச் செடி ஒன்று இருக்கிறது, சிங்களத்தில் பாந்துரா என்பார்கள், நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியா என்று 1753இல் லின்னேயஸ் பெயரிட்டது. உலகத்தில் 160க்கும் மேற்பட்ட கெண்டி இனங்கள் இருக்க, நம் நாட்டில் இயற்கையாக வளர்வது இது ஒன்றுதான், வேறெங்கும் கிடையாது. தென்மேற்கு ஈரவலயத்தில், சிங்கராஜப் பக்கம், அது காட்டின் இருளைவிடத் திறந்த ஓரங்களையும் பாதையோரப் புதர்களையும்தான் அதிகம் விரும்பும். வெளிச்சம் போதாத இடத்தில் செடி இலை மட்டும் விடும், கெண்டி வராது. (அதைத் தோண்டி எடுத்துவர ஆசைப்படாதீர்கள். காட்டில் எடுப்பது குற்றம், அப்படி எடுத்தது பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.)

நட்ட முதல் இரண்டு வாரம் நேரடி வெயில் இல்லாத நல்ல வெளிச்சம். பிறகு கிழக்கு யன்னல், காலை எட்டு மணி வெயில் ஒரு மணி நேரம் தொட்டாலும் நல்லதே. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரலில் சூரியன் உச்சி தாண்டி செப்டெம்பர் தொடக்கம் வரை நமக்கு வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே சாயும். மே மாதத்தில் நிழலாக இருந்த தெற்கு யன்னல் மார்கழியில் வெயில் யன்னலாகிவிடும். சாடியை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். மேற்கே கடலைப் பார்த்த பல்கனிகளில் பிற்பகல் வெயில் ஒரு பக்கம், கடற்காற்றின் உப்பு இன்னொரு பக்கம். மரைன் டிரைவ் வீடுகளில் கம்பி துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அங்கே இருந்தால் கண்ணாடிக்கு உள்ளே, மெல்லிய திரைக்குப் பின்னால் வையுங்கள்.

இனம் தெரியாமல் வாங்குவதும் ஒரு காரணம். மலைநாட்டு இனங்களுக்கு இரவில் 15 பாகையை ஒட்டிய குளிர் வேண்டும், நுவரெலியாவில் கிடைக்கும், கொழும்பில் கிடைக்காது. அம்புல்லாரியா, ரஃப்லேசியானா, மிராபிலிஸ் போன்ற தாழ்நில இனங்களும், கடைகளில் அதிகம் கிடைக்கும் வென்ட்ராட்டா கலப்பும் நம் வெக்கையைத் தாங்கும்.

சாப்பாடு கொடுக்க வேண்டுமே என்று இறைச்சித் துண்டு, சோறு, பால் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கெண்டி அழுகி நாறும், அவ்வளவுதான். தேறி வரும் செடிக்கு முதல் மாதத்தில் எதுவும் தேவையில்லை. பிறகும் வீட்டுக்குள் தானாக விழும் எறும்பும் சிறு பூச்சியும் போதும். கொண்டுவரும் வழியில் கெண்டிக்குள் இருந்த திரவம் கொட்டிவிட்டால், அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மழைத் தண்ணீர் விடுங்கள், வாய் வரை நிரப்ப வேண்டாம்.

சரி, தேறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பழைய கெண்டியைப் பார்க்காதீர்கள், குருத்தைப் பாருங்கள். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் புது இலை ஒன்று விரியும். முந்தையதைவிடச் சிறியதாகக்கூட இருக்கலாம், கவலை வேண்டாம். அதன் நுனிக் கொடியில் மொட்டு வந்து நின்றுபோகலாம், அடுத்த இலையிலும் அப்படி ஆகலாம். மூன்றாவது, நான்காவது இலையில் கொடி கீழே வளைந்து, நுனி மேலே திரும்பி, மொட்டு தட்டையாக இருந்ததிலிருந்து காற்று ஊதியதுபோலப் புடைக்கும். அந்த நேரத்தில் மூடியை நகத்தால் நெம்பிப் பார்க்க விரல் துறுதுறுக்கும். உள்ளே திரவம் ஏற்கனவே ஊறத் தொடங்கியிருக்கும், சுவர் இன்னும் மென்மையாகத்தான் இருக்கும். விட்டுவிடுங்கள். ஒரு காலையில் யன்னல் திரையை விலக்கும்போது மூடி தானே சற்றுத் தூக்கியிருக்கும். விளிம்பு இன்னும் வெளிர்பச்சையாக, சுருண்டு விரியாமல் இருக்கும். அது நிறம் ஏற இன்னும் சில நாள் எடுக்கும்.