கேஷை அழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

பிரவுசர் மெதுவானால் கை முதலில் போவது கேஷை, அதாவது தளங்களிலிருந்து எடுத்து அது சேமித்து வைத்திருக்கும் கோப்புகளை, அழிக்கத்தான். அலுவலகத்தில் எல்லோருடைய கணினியையும் பார்த்துக்கொள்வது என் வேலை. "நேற்றுத்தான் எல்லாவற்றையும் அழித்தேன், இன்னும் இழுக்கிறதே" என்று யாராவது வந்து நிற்காத வாரமே இல்லை. அழித்ததாலேயே இழுக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஒரு தளத்தை முதல்முறை திறக்கும்போது அதன் படங்கள், எழுத்துருக்கள், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் எல்லாம் இணையம் வழியாக வந்தாக வேண்டும். பிரவுசர் அவற்றில் ஒரு பிரதியை டிஸ்க்கில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துவிடும். பிரதியின் கெடு முடிந்திருந்தால், மாறியிருக்கிறதா என்று சர்வரிடம் (தளம் இருக்கும் கணினியிடம்) கேட்கும். மாறவில்லை என்றால் சர்வரிடமிருந்து 304 என்ற எண்ணோடு சின்னதாக ஒரு பதில் வரும், அவ்வளவுதான். கோப்பு மறுபடி இறங்காது. இடம் நிறைந்தால் பழையதைப் பிரவுசரே கழித்துவிடும். ஆக, கேஷ் பெரிதாக இருப்பது நோய் அல்ல.

முதலில் இன்காக்னிடோ (தனிப்பட்ட உலாவல்) ஜன்னலில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பழைய கேஷும் இருக்காது, நீங்களாக அனுமதித்திருந்தால் தவிர எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்கள்) ஓடாது. அங்கே மட்டும் வேகமாக வந்தால் கோளாறு எக்ஸ்டென்ஷனிலோ, அந்தத் தளம் சேமித்து வைத்ததிலோ இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இதுதான். கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

இன்காக்னிடோவிலும் இழுத்தால் விண்டோஸில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசரின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்னும் டேப் மேலே வரும். அதை மூடுங்கள். திறந்தே கிடக்கும் முப்பது டேப்களுக்குக் கேஷ் என்ன செய்யும், பாவம்.

ஒரே ஒரு பக்கம் மட்டும் அலங்கோலமாக வருகிறது, பட்டன் வேலை செய்யவில்லை, நேற்று மாற்றிய படம் இன்னும் பழையதாகவே தெரிகிறது என்றால் அது கேஷ் பிரச்சினையாக இருக்கலாம். அதற்கும் எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்துங்கள் (மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்). சேமித்த பிரதியை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் சர்வரிலிருந்து புதிதாக இறக்கும். அப்படியும் சரியாகவில்லை என்றால் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியைச் சொடுக்கி, அந்தத் தளம் சேமித்த தரவை மட்டும் நீக்கலாம். அந்தத் தளத்தில் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். பாதியில் எழுதி வைத்தது ஏதாவது இருந்தால் முதலில் வேறு இடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள்.

முழுவதையும் அழித்தே தீர வேண்டிய நேரமும் உண்டு: பல தளங்கள் ஒரே நேரத்தில் உடைந்து வருவது, டிஸ்க்கில் இடமே இல்லாமல் போவது. கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் அழுத்தினால் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் அதற்கான பெட்டி வரும். கால அளவில் முழுக் காலத்தையும் தேர்ந்தெடுங்கள். கடைசி ஒரு மணி நேரம் என்று விட்டால் கெட்டுப்போன பழைய கோப்பு அப்படியே இருக்கும். அப்புறம், சேமித்த படங்கள், கோப்புகள் என்ற வரியில் மட்டும் டிக் வையுங்கள். உங்கள் லாகினைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் குக்கீ வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே தள்ளப்படுவீர்கள். அழித்த பிறகு ஓரிரு நாள் எல்லாமே கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

கேஷ் முன்பைவிட அதிக இடம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் பத்துத் தளங்கள் ஒரே எழுத்துருவை ஒரே முகவரியிலிருந்து எடுத்தால் ஒரு பிரதியே போதும். நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை அதை வைத்தே வேவு பார்க்க முடிந்ததால், குரோம் 2020-லும் ஃபயர்பாக்ஸ் 2021-லும் தளத்துக்குத் தளம் கேஷைப் பிரித்துவிட்டன. ஒரே கோப்பு பல தடவை சேரும். அந்தரங்கத்துக்காகக் கொடுக்கும் விலை, நியாயமானதுதான்.

பிரவுசரை மூடும்போதெல்லாம் கேஷை அழிக்கும் அமைப்பு ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் கிளீனர் மென்பொருள்களும் தினமும் சத்தமில்லாமல் இதையே செய்யும். பொதுக் கணினி என்றால் இருக்கட்டும். சொந்தக் கணினியில் அணைத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் வழியாகப் பிரவுசர் செயலியின் ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போனால் இரண்டு பட்டன்கள் இருக்கும். கிளியர் கேஷ் என்பதை மட்டும் தொடுங்கள். மற்றது செயலியையே புதிதாக நிறுவியது போல ஆக்கிவிடும். திறந்திருந்த டேப், லாகின் எதுவும் மிஞ்சாது.