குவாண்டம் கணினியும் கிரிப்டோவும்: கணிப்பில் நேரும் தவறுகள்

குவாண்டம் கணினி குறித்து ஏதேனும் அறிவிப்பு வந்தவுடன், பிட்காயின் கதை முடிந்தது என்று ஒரு சாராரும், இது வெறும் பூச்சாண்டி என்று மற்றொரு சாராரும் முழங்கத் தொடங்கிவிடுகின்றனர். இரு சாராரும் பெரும்பாலும் குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட்டின் எண்ணிக்கையை வைத்தே வாதிடுகின்றனர். ஐபிஎம் 2023 டிசம்பரில் அறிவித்த காண்டோர் சில்லில் 1,121 கியூபிட்கள் இருந்தன; ஓராண்டு கழித்துக் கூகுள் அறிவித்த வில்லோவில் 105 மட்டுமே இருந்தன. ஆயினும் கியூபிட்களில் நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை குறையும் என்பதைச் செய்து காட்டியதால், வில்லோவே முக்கியமான முன்னேற்றமாகக் கருதப்பட்டது.

எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுவது தவறென்றால், இன்றைய கணக்கை நிலையானதாக நம்பி நிம்மதியாக இருப்பதும் தவறே. இணையத்தில் பரவலாகப் பயன்படும் மறைகுறியாக்க முறையான ஆர்எஸ்ஏ-2048 பூட்டை உடைக்க 2 கோடிக் கியூபிட்கள் வேண்டும் என 2019இல் மதிப்பிட்டவர்களுள் ஒருவரான கிரெய்க் கிட்னி, 2025இல் அதைப் பத்து லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்தார். இக்குறைவுக்குப் பெரிதும் காரணம் வழிமுறைகளும் பிழைதிருத்த உத்திகளும் மேம்பட்டதே.

எது உடையும் என்பதில்தான் குழப்பம் அதிகம். பிட்காயின் பேரேட்டில் மறைகுறியாக்கப்பட்ட இரகசியம் ஏதுமில்லை. பரிவர்த்தனைகள் யாவும் வெளிப்படையாகவே கிடக்கின்றன. உரிமையை நிறுவுவது டிஜிட்டல் கையொப்பம். பீட்டர் ஷோர் 1994இல் வெளியிட்ட வழிமுறை, போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி கிடைத்தால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவியிலிருந்து, கையொப்பமிடும் இரகசியத் தனிச்சாவியைக் கணக்கிட உதவும். புதிய பரிவர்த்தனைகளைப் பேரேட்டில் சேர்க்கும் சுரங்கப் பணியில் பயன்படும், தரவை மீட்டெடுக்க இயலாத சுருக்கக் குறியாக மாற்றும் ஹேஷ் முறையை அவ்வாறு எளிதில் வீழ்த்த முடியாது. குரோவர் வழிமுறை என்னும் மற்றொரு குவாண்டம் முறை தேடலை வேகப்படுத்துமே தவிர, அதை அற்பமாக்கிவிடாது.

ஆகவே, பொதுச்சாவி வெளியே தெரிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எல்லா நாணயங்களும் ஒரே அளவு ஆபத்தில் இருப்பதாக எண்ணுவது இக்கேள்வியைத் தவறவிடுவதால்தான். 2009ஆம் ஆண்டளவிலான பல பழைய பிட்காயின் பரிவர்த்தனைப் பதிவுகளில் பொதுச்சாவி நேரடியாகவே பதிவாகியிருக்கிறது. பின்னர் பரவலான முகவரிகளில் சாவியின் ஹேஷ் மட்டுமே தெரியும். ஆனால் ஒருமுறை செலவிட்டதும் சாவி வெளிப்பட்டுவிடுவதால், அதே முகவரியில் எஞ்சியிருப்பதும் அதற்குப் பின்னர் வந்து சேர்வதும் பாதுகாப்பை இழக்கின்றன. பிட்காயினில் 2021இல் நடைமுறைக்கு வந்த புதிய வகையான டாப்ரூட் முகவரியோ பொதுச்சாவியைத் தொடக்கத்திலிருந்தே காட்டிவிடுகிறது. புதியது என்றாலே பாதுகாப்பானது என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். மற்றொரு கிரிப்டோ வலையமைப்பான எத்தீரியத்தில் ஒரே கணக்கை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே இயல்பு என்பதால், ஒருமுறை பணம் அனுப்பிய கணக்கின் சாவி தெரிந்ததாகவே கொள்ள வேண்டும்.

ஒரு மென்பொருள் மேம்படுத்தலில் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் மிகையானது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் தரநிலைகளை 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. ஆனால் அவற்றுள் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏ முறையில் ஒரு கையொப்பத்துக்குக் குறைந்தது 2,420 பைட்டுகள் தேவை. டாப்ரூட் கையொப்பத்துக்கு ஏறத்தாழ 64 பைட்டுகளே போதும். இதனால் பேரேட்டில் வரும் இடப்பற்றாக்குறையைக்கூடச் சமாளித்துவிடலாம். உரிமையாளர் இறந்தோ சாவியைத் தொலைத்தோ அசையாமல் கிடக்கும் நாணயங்களை முடக்குவதா, திருடுவோருக்கு விட்டுவிடுவதா என்ற கேள்வியே கடினமானது. அதைத் தீர்க்க வங்கியைப் போன்ற தலைமை அமைப்பு பிட்காயினில் இல்லை.

விலையைப் பொறுத்தவரை, சாவி உடைந்த பிறகே சரிவு வரும் என்று காத்திருப்பது தவறு. சந்தை எதிர்பார்ப்பின் மீதே நகரும். அதேவேளை, ஒவ்வொரு வீழ்ச்சியையும் குவாண்டத்தின் கணக்கில் எழுதுவதும் பொருந்தாது; வட்டி விகித எதிர்பார்ப்பும் கடன் வாங்கிய முதலீடுகளின் கட்டாய விற்பனையும் கிரிப்டோ விலையைப் பலமுறை உலுக்கியிருக்கின்றன. பல்லாண்டு உறங்கிய பழைய நாணயம் திடீரென நகர்வதைக் கண்டு அவசரப்பட்டு விற்பதும் நிதானமன்று. திருடப்பட்ட சாவியால் இட்டாலும் கையொப்பம் முறையானதாகவே தெரியும் என்பதால், நகர்த்தியவர் உரிமையாளரா திருடரா என்பதைப் பேரேட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த அச்சத்தை மூலதனமாக்கி, குவாண்டத்தால் உடைக்க முடியாத வாலட்டுக்கு (சாவிகளைக் காக்கும் செயலி) மாற்றித் தருவதாகக் கூறி, சாவிகளை மீட்டெடுக்க உதவும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைக் கேட்போரும் வரக்கூடும். அச்சொற்களை ஒப்படைத்தால், நாணயங்களை எடுத்துச் செல்ல அவர்களுக்குச் சாதாரணக் கைபேசியே போதும்.