புதுக் காது மிஷின்: பழகும் மாதங்களில் செய்யக்கூடாத தவறுகள்

மிஷினைப் போட்டதும் முதலில் காதில் விழுவது மின்விசிறி. அப்புறம் செருப்புச் சத்தம், பிளாஸ்டிக் பை கசங்குவது, எவர்சில்வர் தட்டில் கரண்டி படுவது, தன்னுடைய குரல். பேத்தி பேசுவது இத்தனைக்கும் பிறகுதான். "இரைச்சல்தான் கேட்குது, பேச்சு ஒண்ணும் புரியல" என்று மூன்றாம் நாள் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி, ஒரு பழுதும் இல்லாமலேயே அங்கே கிடக்கிறது.

வயதால் வரும் காது மந்தம் ஒரே நாளில் வருவதில்லை. பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அந்த வருடங்களில் விசிறிச் சத்தத்தை ஒதுக்கித் தள்ளும் வேலை மூளைக்கு இல்லாமல் போய்விட்டது, ஏனென்றால் அந்தச் சத்தமே உள்ளே வரவில்லை. இப்போது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் திணறுகிறது. தினமும் பல மணி நேரம் கேட்கக் கொடுத்தால் சில வாரங்களில் விசிறி பின்னால் போய்விடும். கூட்டத்தில் ஒருவர் பேசுவதைப் பிடிக்கும் அளவுக்குப் பழக இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த அவகாசத்தைக் கொடுக்காததால் வருபவை.

விசேஷத்துக்கு மட்டும் போடுவது

வீட்டில் கழற்றி வைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு போவது மிகப் பரவலான தவறு. நாதசுரம், தவில், ஸ்பீக்கர், நூறு பேர் பேச்சு, பாத்திரச் சத்தம் என்று கல்யாண மண்டபம் நல்ல காது உள்ளவர்களுக்கே சிரமமான இடம். நீச்சல் தெரியாதவரைக் கிணற்றின் நடுவில் இறக்கிவிடுவதற்குச் சமம் இது.

முதல் மூன்று நாள் வீட்டுக்குள், டிவி ஓடாத நேரத்தில், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். ஒருவர் மட்டும் எதிரில் உட்கார்ந்து பேசட்டும். அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் வரை கூட்டுங்கள். ஒரு வாரம் கழித்து டிவி செய்தி, வாசலில் நின்று பேசுவது, பக்கத்துக் கடை. இரண்டு வாரம் முடியும்போது ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் காதில் இருக்க வேண்டும். அதற்கு மேல் கணக்கே வேண்டாம்: எழுந்ததும் போட்டு, குளிக்கவும் தூங்கவும் மட்டும் கழற்றினால் போதும். முதல் நாளிலிருந்தே நாள் முழுக்கப் போட முடிகிறவர்கள் தாராளமாகப் போடலாம்.

பழக்கத்துக்கு ஒரு நல்ல வழி உண்டு. வீட்டில் ஒருவர் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்க, நீங்கள் அதே செய்தியை விரல் வைத்துப் பின்தொடருங்கள். தினம் பத்து நிமிடம். கண் பார்க்கும் சொல்லும் காது கேட்கும் சொல்லும் மறுபடி ஒன்றோடொன்று சேரும்.

இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவும் தினம் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடின என்பதைப் பதிந்து வைக்கும். ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷினை அமைத்துத் தருபவர்) கணினியில் இணைத்ததும் அது தெரிந்துவிடும். அதனால் "எப்பவும் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிப் பயனில்லை. ஒரு மணி நேரம்தான் போட்டேன் என்று உண்மையைச் சொன்னால், ஏன் போட முடியவில்லை என்று தேட முடியும்.

புரியவில்லை என்றதும் வால்யூமைக் கூட்டுவது

தாத்தா, காக்கா, பாப்பா. இந்த மூன்று சொல்லிலும் உயிரொலி ஒன்றுதான், மாறுவது மெய் மட்டும். 'ஆ' என்பது பலமான, தாழ்ந்த சுருதி ஒலி. காது மந்தமானவருக்கும் நன்றாகக் கேட்கும். த், க், ப் ஆகியவை நொடியில் மறையும் மெல்லிய ஒலிகள். அவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் உயர்ந்த சுருதியில் இருக்கின்றன. வயதால் முதலில் போவது அந்த உயர்ந்த சுருதிதான். "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்று எல்லோரும் சொல்வதன் அர்த்தம் இது.

வால்யூமைக் கூட்டும்போது ஏற்கெனவே கேட்கிற 'ஆ'வும் சேர்ந்து பெருத்து, மெல்லிய மெய்யொலியை மூடிவிடுகிறது. தவிர, உட்காது பழுதானவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் சத்தம் கொஞ்சம் கூடினாலே காது வலிப்பதுபோல் இருக்கும். நடுவில் உள்ள இடைவெளி குறுகிவிட்டது. "சத்தமாப் பேசு" என்பார்கள், பேசினால் "ஏன் கத்துற" என்பார்கள். வீட்டில் இதை வைத்துச் சண்டை வரும். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. எந்தச் சுருதியில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதைக் கணினியில்தான் சரி செய்ய முடியும். புரியவில்லை என்றால் வால்யூமை விட்டுவிட்டு ஆடியாலஜிஸ்டிடம் போங்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஒலிபெருக்கிகளும், காலமான உறவினரின் மிஷினை எடுத்து மாட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான் உதவாது. ஒருவருடைய ஆடியோகிராமுக்கு (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடம்) அமைத்த கருவி இன்னொருவர் காதுக்கு அளவுக்கு மீறிய சத்தத்தைக் கொடுத்து, மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கலாம்.

"கிணத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்பதைப் பொறுத்துக்கொள்வது

சொந்தக் குரல் முதல் வாரம் வித்தியாசமாக இருப்பது இயல்பு. இரண்டு வாரம் கழித்தும் பானைக்குள் பேசுவதுபோல் முழங்கினால் அது பழக்கக் குறைவு ஆகாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மிஷின் காதில் இருக்கும்போது நீளமாக "ஈ…" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு அணைத்துவிட்டு, காதிலேயே இருக்க, மறுபடி சொல்லுங்கள். அணைத்த பிறகும் முழங்கினால், காதுத் துவாரம் அடைபட்டதால் குரல் உள்ளேயே சுற்றுகிறது. துளை பெரிதான டோமோ (காதுத் துவாரத்துக்குள் போகும் மெத்தென்ற நுனி), காற்றுத்துளை வைத்த மோல்டோ (காதின் அளவுக்கு அச்செடுத்துச் செய்த நுனி) வேண்டும். அணைத்ததும் முழக்கம் நின்றுவிட்டால், தாழ்ந்த சுருதியில் ஒலி அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. கணினியில் குறைத்தால் சரியாகும். இந்த ஒரு தகவலோடு போனாலே ஆடியாலஜிஸ்டின் வேலை பாதி முடிந்தது. முறுக்கு கடிக்கும்போது தலையே அதிர்கிறது என்பதும் முதல் வகைதான்.

வாங்கியதோடு முடிந்தது என்று இருந்துவிடுவது

முதல் நாள் வைக்கும் அளவு பெரும்பாலும் இறுதி அளவு இல்லை. காது மிரளக் கூடாதென்று வேண்டுமென்றே தேவைக்குக் கொஞ்சம் குறைவாக வைத்து, பிறகு படிப்படியாக ஏற்றுவார்கள். ஏற்றவே போகாதவர் அரைகுறை அளவிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, மிஷின் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். இரண்டு வாரத்தில் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். வருடம் ஒருமுறை காதையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

போகும்போது "சரியா கேட்கல" என்று மட்டும் சொன்னால் அவர்களால் எதையும் திருத்த முடியாது. ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் ஊசிபோல் குத்துகிறது, மருமகள் குரல் புரிகிறது, மகன் குரல் புரியவில்லை, பஸ்ஸில் ஒன்றுமே தெரியவில்லை, இடது காதில் மட்டும் தகரம் தட்டுவதுபோல் இருக்கிறது. இப்படி இடமும் சத்தமும் ஆளும் சேர்த்துச் சொன்னால் எந்தச் சுருதியில் கை வைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மெல்லிய குழாயைக் காதுக்குள் வைத்து, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு. வசதி உள்ள இடத்தில் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பார்க்கிறவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக இலவசமாகக் கிடைத்த கருவியானாலும் இதே கதைதான். காது அச்சு சரியாக எடுத்துப் பொருத்தி, அளவு வைத்தால்தான் பயன்.

கூவினால் கழற்றி வைப்பது

கீச்சென்று விசில் அடித்தால் பழுது என்று அர்த்தமில்லை. காதுக்குள் போன ஒலி வெளியே கசிந்து, மைக்கில் நுழைந்து, மறுபடி பெருகிச் சுற்றுகிறது. பெரும்பாலும் சரியாக மாட்டாததுதான் காரணம். சிவப்புக் குறி வலது காது, நீலக் குறி இடது காது. மாற்றி மாட்டினால் உட்காரவே உட்காராது. மெல்லிய ஒயர் உள்ள ரகமானால் உடல்பகுதியை முதலில் காதுக்குப் பின்னால் வையுங்கள். மற்ற கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு டோமை உள்ளே தள்ளுங்கள். கண்ணாடியில் பார்த்தால் ஒயர் கன்னத்தோடு ஒட்டியிருக்க வேண்டும்; வளைந்து வெளியே துருத்தினால் டோம் இன்னும் உள்ளே போகவில்லை.

சரியாக மாட்டியும் கூவினால் காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், டோம் சின்னதாக இருக்கலாம், மோல்டுக் குழாய் வெடித்திருக்கலாம். காது அழுக்கை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். பட்ஸ் போட்டால் அது இன்னும் உள்ளே போய் இறுகும். பழகும் வரை கட்டிலில் உட்கார்ந்து மாட்டுங்கள். வாஷ்பேசின் முன்னால் நின்று மாட்டும்போது நழுவினால் டைல்ஸில் விழுந்து உடையும்.

எண்ணெய், பவுடர், ஈரம்

நம் வீடுகளில் மிஷினைக் கெடுப்பவை இந்த மூன்றும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு மாட்டினால் எண்ணெய் மைக் துளையில் இறங்கும். பவுடர் அதே துளையை அடைக்கும். எண்ணெய், பவுடர், சாயம், சீப்பு எல்லாம் முடித்து, கை கழுவித் துடைத்த பிறகு கடைசியாகத்தான் மிஷின். காதுக்குள் காய்ச்சிய எண்ணெய் விடும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். காதுக்கும் கேடு, கருவிக்கும் கேடு.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வேர்வையும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஒரே கோடையில் ரிசீவரை, அதாவது காதுக்குள் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரை, கெடுத்துவிடும். இரவில் உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் (ஆரஞ்சு பச்சையாகும், நீலம் இளஞ்சிவப்பாகும்) ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டும். நனைந்த மிஷினை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைக்கக் கூடாது. ஸ்பிரிட், சானிடைசர் படவே கூடாது. பிரஷால் துடைக்கும்போது துளையைக் கீழ்நோக்கிப் பிடித்தால் அழுக்கு வெளியே விழும். மேல்நோக்கிப் பிடித்தால் உள்ளே போகும். காதுக்குள் போகும் மோல்டை மட்டும், கருவியிலிருந்து கழற்றிய பிறகு, சோப்புத் தண்ணீரில் கழுவி, குழாயில் துளி நீர் இல்லாமல் ஊதிக் காயவைத்து மாட்டலாம்.

திடீரென்று ஒரு பக்கம் கேட்காமல் போனால் பெரும்பாலும் வாக்ஸ் கார்டு அடைத்திருக்கும். ரிசீவர் நுனியில் இருக்கும் மிளகைவிடச் சின்ன வடிகட்டி அது. டோமைக் கழற்றுங்கள். கூடவே கொடுத்த குச்சியின் வெறும் முனையை நேராகக் குத்தி இழுத்தால் பழையது ஒட்டிக்கொண்டு வரும். குச்சியைத் திருப்பி, புதியது இருக்கும் முனையை நேராக அழுத்தி எடுத்தால் அது உள்ளே தங்கிவிடும். டோமை மறுபடி மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஊக்கு, ஹேர்பின் கொண்டு குத்தினால் ரிசீவரே போய்விடும்.

பேட்டரியில் ஒரு சின்ன விஷயம்: ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் இரண்டு மூன்று நிமிடம் வெளியே வையுங்கள். காற்றை இழுத்துக்கொண்ட பிறகுதான் அதற்கு முழு சக்தி வரும். ஒருமுறை உரித்துவிட்டால் மறுபடி ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஸ்டிக்கர் நிறமே அளவு: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். சட்டைப் பையில் சில்லறையோடு போடாதீர்கள். குழந்தை பேட்டரியை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

போன்

காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினின் மைக், மடலின் மேல் பக்கம் இருக்கிறது. போனை வழக்கம்போல் காதுத் துவாரத்தில் அழுத்தினால் கேட்காது, கூவவும் செய்யும். சற்று மேலே, பின்னால் தள்ளிப் பிடியுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் செய்வது

"அதான் மிஷின் வாங்கிக் கொடுத்தாச்சே" என்று சமையலறையிலிருந்து கூப்பிடுவார்கள். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியின் பலம் குறைந்துகொண்டே போகிறது. நடுவில் சுவர், மிக்ஸி, குக்கர் விசில் வேறு. மூன்று நான்கு அடி தூரத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரில் நின்று, பேரையோ "அம்மா" என்றோ ஒருமுறை கூப்பிட்டுத் திரும்ப வைத்து, பிறகு சொல்லுங்கள். கத்த வேண்டாம், வேகத்தை மட்டும் குறைத்தால் போதும். ஒருமுறை புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வதைவிட வேறு சொல்லில் சொல்வது பலிக்கும். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழகினால் சரியாகும் என்று விடக்கூடாதவை

காதில் புண், சிவப்பு, அழுத்தும் வலி இருந்தால் அன்றே கழற்றிவிட்டு மோல்டைத் தேய்த்துச் சரி செய்யக் கொடுங்கள். டோம் காதுக்குள்ளேயே தங்கிவிட்டால் நீங்கள் நோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சீழ் வடிவதும், தலைசுற்றலும், ஒரு காதில் மட்டும் புதிதாக இரைச்சல் வருவதும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. மிஷினைச் சோதித்து, வாக்ஸ் கார்டும் பேட்டரியும் மாற்றிய பிறகும் ஒரு காது திடீரென்று கேட்காமல் இருந்தால், அது காதின் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். நாள் தள்ளத் தள்ள மருந்து பலிக்கும் வாய்ப்பு குறையும். அதே நாளில் போங்கள்.