சிவப்பு மச்சத்துக்கு எம்.ஆர்.ஐ.: கபாலத்தோடு நின்றுவிடும் தவறு

இராமநாதபுரத்தில் நான் படம் பார்க்கும் ஸ்கேன் கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் மருத்துவர், சென்ற வாரம் தேவிபட்டினத்திலிருந்து முகத்தில் சிவப்பு மச்சத்தோடு வந்த இரண்டு மாதக் குழந்தைக்கு மூளையை மட்டும் படமெடுத்துவிட்டு, குழந்தையை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டில் ‘மூளை எம்.ஆர்.ஐ.’ என்றுதான் எழுதியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே செய்தவன் என்பதால் அவரைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை. அரைஞாணையும் தாயத்தையும் துணிக்குள் குத்தியிருக்கும் ஊக்கையும் கழற்ற மறப்பது போன்ற தவறுகளை யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாச் சிவப்பையும் ஒன்றாகப் பார்ப்பது

பிறக்கும்போதே தட்டையாக இருந்து, குழந்தை வளரும் அளவுக்கு மட்டும் வளரும் கருஞ்சிவப்புத் திட்டு வேறு. பிறந்த சில வாரங்களுக்குள் தலைகாட்டி, முதல் 3 மாதங்களில் விறுவிறுவென்று புடைத்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்ல வாடும் ஹீமாஞ்சியோமா என்னும் இரத்தநாளக் கட்டி வேறு. முன்னது நெற்றியில் இருந்தால், மூளையுறையின் இரத்தநாளங்களையும் பாதிக்கும் ஸ்டர்ஜ்-வெபர் நோயை மனத்தில் கொண்டு, இரத்தநாளங்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி மூளையுறையைப் பார்க்க வேண்டும். பின்னது முகத்தின் ஒரு பகுதியையே வளைத்துப் பிடித்து 5 செ.மீ.க்கு மேல் பரந்திருந்தால் ‘பேஸ்’ (PHACE) என்ற நோய்க்குறித் தொகுப்பைத் தேட வேண்டும். 1996இல் இப்பெயர் பெற்ற இத்தொகுப்பில் சிறுமூளை, தமனிகள், இதயம், கண் ஆகியவற்றில் குறை இருக்கக்கூடும்.

கடுகளவு மச்சத்துக்கும் மூளை ஸ்கேன் எழுதுவது

தேவையில்லை.

கபாலத்தோடு நிறுத்துவது

தங்கச்சிமடத்திலிருந்து ஏழு வாரப் பெண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வலது நெற்றி, இமை, கன்னம் என்று மூன்றையும் ஹீமாஞ்சியோமா மூடியிருந்தது. “மச்சத்துக்கு எதுக்குய்யா மூளையில படம்?” என்று அப்பத்தா கேட்டார். பசியெடுக்கும்வரை பொறுத்திருந்து, ஸ்கேன் அறை வாசலிலேயே பால் கொடுக்கச் செய்து, காதை அடைத்துத் துணியில் சுற்றிப் படுக்க வைத்தோம். மயக்க மருந்தே இல்லாமல் குழந்தை அயர்ந்து தூங்கியது. மூளை இயல்பாக இருந்தது. அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன்.

இமை கண்ணை மறைத்துக்கொண்டிருந்ததால் கட்டியைச் சுருக்கும் ப்ரோப்ரனலால் மருந்தை உடனே கொடுக்க வேண்டிய நிலை. அம்மருந்து இரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஆனால் இத்தொகுப்பில் அதிகம் கெடுபவை மூளைக்கும் கழுத்துக்கும் போகும் தமனிகள்தாம். அவை மிகக் குறுகியிருக்கும் குழந்தைக்கு இரத்த அழுத்தம் இறங்கினால் பக்கவாதம் வரக்கூடும். ஆகவே குழந்தைக்குச் சிகிச்சை தரவிருந்த மதுரை மருத்துவர் கழுத்துத் தமனிகளின் படத்தையும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவின் படத்தையும் கேட்டார். என்னிடம் இரண்டும் இல்லை. குழந்தைக்குச் சளிக் காய்ச்சல், அப்பாவுக்குக் கடல் வேலை என்று ஆறு வாரம் கழித்தே திரும்பி வந்தார்கள். இப்போது பால் கொடுத்துத் தூங்க வைக்கும் தந்திரம் பலிக்கவில்லை. மயக்க மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் படத்தில் வலது உட்கழுத்துத் தமனி நூலாக மெலிந்திருந்தது. பெருந்தமனி வளைவிலும் குறுக்கம் இருந்தது. அதற்குள் இமை முழுவதும் மூடிவிட்டிருந்தது.

முதல் நாளே, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோதே, இன்னும் சில நிமிடங்கள் சேர்த்திருந்தால் கழுத்துவரையாவது பார்த்திருப்பேன். அந்தத் தமனிப் படத்துக்குக் கான்ட்ராஸ்ட்கூடக் கட்டாயமில்லை. சீட்டில் இருப்பதை மட்டும் செய்வது கடமை என்று நினைத்த அந்த என்னை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. சீட்டை எழுதுபவர் முகத்தைப் பார்த்து ‘மூளை’ என்று எழுதிவிடுவார். எதுவரை எடுப்பது என்று தொலைபேசியில் கேட்க வேண்டியவர் நாம்தான்.

கையில் இரத்த அழுத்தம் பார்த்துப் பெருந்தமனியை விட்டுவிடுவது

இக்குழந்தைகளுக்குக் கைக்குப் போகும் தமனி சில வேளை பெருந்தமனிக் குறுக்கத்துக்கு அப்பாலிருந்து கிளம்பும். அப்போது கைக்கும் காலுக்கும் இடையில் அழுத்த வேறுபாடே தெரியாது. இதயத்தின் அல்ட்ராசவுண்டான எக்கோவும் வளைவின் படமும் வேண்டும்.

உச்சிக்குழி அல்ட்ராசவுண்டோடு திருப்தியடைவது

போதாது.

அறிக்கையில் ‘கட்டி’ என்று மொட்டையாக எழுதுவது

அதே பக்கத்து உட்செவிக் கால்வாயில் சிறு ஹீமாஞ்சியோமா தெரிவதுண்டு. அதுவும் தோலில் இருப்பதைப் போலவே சுருங்கும் இயல்புடையது. அதை ‘மூளைக் கட்டி’ என்று ஒரு முறை எங்கள் கூடத்தில் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்கள். அதைக் கைப்பேசியில் படித்த தாய் பாம்பன் பேருந்திலிருந்து பாதி வழியிலேயே இறங்கி, அழுதுகொண்டே திரும்பி வந்தார்.